இல்லை என்றால் இல்லை என்று எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டு வேலை என்று சொல்லி ஆட்களை ஏமாற்றிய முகவர்களைப் பற்றிய செய்திகள் உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகின்றன. வரத்தான் வேண்டும். நான் எழுதுவது வேறொரு வகை ஆட்களைப் பற்றி. முகவருக்கு ஒரு சதமும் கொடுக்காமல், பரீட்சை எழுதி, நேர்முகத்தில் தெரிவாகி, இன்னொரு நாட்டின் அரச வேலை கையில் கிடைத்த பிறகும் ஊரைவிட்டுக் கிளம்ப முடியாமல் நிற்கிறவர்கள் இவர்கள். இவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் செய்தி வராது. ஏனென்றால் இவர்களை யாரும் ஏமாற்றவில்லை. அலுவலகத்தில் இவர்களுடைய கோவை, அதாவது கடதாசிக் கோப்பு, நகரவில்லை, அவ்வளவுதான்.

என் தங்கையின் மகள், எனக்குப் பெறாமகள், இந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓர் அரச வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறாள். தங்கியிருப்பது என்னோடு, கொக்குவிலில். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த ஒரு வைத்தியசாலை, இங்கிலாந்தின் வடக்கில் இருப்பது, அவளைக் காணொளி நேர்முகத்தில் தெரிவு செய்து நிபந்தனையுடன் கூடிய நியமனக் கடிதம் அனுப்பியது. அந்தச் சேவைக்கு ஆள் எடுக்கும்போது வேலைக்கு வருகிறவரிடம் ஆட்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரித்தானிய அரசு வெளியிட்டிருக்கும் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. அதை வாசித்துப் பார்த்த பிறகுதான் விண்ணப்பம் போட நான் சம்மதித்தேன். ஆங்கிலப் பரீட்சையில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 எடுக்க வேண்டும். எடுத்தாள். கணினியில் நடக்கும் தாதியத் தேர்விலும் சித்தியடைந்தாள். இரவுக் கடமை முடிந்து வந்து படித்த பிள்ளை. அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு ஒன்றும் இல்லை. படித்தால் முடிகிற காரியம் அது. அந்தக் கடிதத்தில் நிபந்தனைகள் என்ற தலைப்பின் கீழ் இருந்தவை படித்து முடிகிற காரியங்கள் அல்ல.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுதுவினைஞராகச் சேர்ந்து, பிரதேச செயலகங்களிலும் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்திலும், பெரும்பாலும் ஊழியர் விடயங்களைப் பார்க்கும் தாபனக் கிளையிலேயே இருந்து, தலைமை எழுதுவினைஞராக ஓய்வு பெற்றவள் நான். ஆகவே மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர்களைத் திட்டித் தீர்ப்பதற்காக இதை எழுதவில்லை. ஒரு விடய எழுதுவினைஞரின் மேசையில் காலையில் எவ்வளவு ஏறும், மாலையில் எவ்வளவு இறங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வெற்றிடத்தை நிரப்பாமல் இரண்டு பேரின் வேலையை ஒருவரிடம் கொடுத்துவிட்டுத் தாமதம் ஏன் என்று கேட்கிற மேலதிகாரிகளையும் தெரியும். தெரிந்தபடியால்தான் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ஓர் அரச வைத்தியசாலையில் கால் வைப்பதற்கு முன் ஆறு விடயங்களைச் சரிபார்க்கிறார்கள்: ஆள் யார் என்பது, அங்கே வேலை செய்யும் உரிமை, தொழிற்பதிவும் தகைமையும், முன்பு வேலை செய்த விபரம், குற்றப் பதிவு, உடல்நலம். கேட்கும்போது இலகுவாகத்தான் இருக்கிறது.

முதலாவதிலேயே தடக்கியது. முகவரியை உறுதிப்படுத்த மின்சாரப் பட்டியல் வேண்டும் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனை வீடுகளின் மின்சாரப் பட்டியல் உயிரோடு இருப்பவரின் பெயரில் வருகிறது? எங்கள் வீட்டுப் பட்டியல் என் தகப்பனாரின் பெயரில் வருகிறது. அவர் காலமாகி நெடுநாள். பட்டியலை ஒழுங்காகக் கட்டுகிறோம்; பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அடுத்ததாக வீட்டு இலக்கமும் தபால் குறியீடும் கேட்டார்கள். எங்கள் முகவரி ஓர் ஒழுங்கை, ஒரு கோயிலடி, கொக்குவில் கிழக்கு. தபாற்காரர் கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடுவார். ஆங்கிலப் படிவத்துக்கு அது போதவில்லை. யாழ்ப்பாணத்துக்கு 40000 என்று ஒரு தபால் குறியீடு இருப்பதே எங்கள் தெருவில் பலருக்குச் செய்தி. கடைசியில் வங்கியில் அவளுடைய கணக்கில் முகவரியைத் திருத்தி, அந்தக் கணக்குக் கூற்றை அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். வெளிநாட்டு வேலைக்கு முயலும் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் முதல் செய்ய வேண்டியது இதுதான்: சொந்தப் பெயரில், ஆதன இலக்கத்தோடு, கடவுச்சீட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் ஒரு வங்கிக் கணக்கு.

எழுத்துக்கூட்டல் என்றேன். அவளுடைய தகப்பனின் பெயர் 'ஞா'வில் தொடங்குகிறது. தமிழில் எழுதிய பிறப்புச் சான்றிதழில் ஒரு பிழையும் இல்லை. ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்த ஒவ்வொரு இடத்திலும் அங்கே அன்றைக்கு இருந்தவர் தமக்குத் தோன்றியபடி எழுதியிருக்கிறார். சாதாரண தரச் சான்றிதழில் ஜீ, என், ஏ என்று தொடங்குகிறது. கடவுச்சீட்டில் ஜீ இல்லை. இங்கிலாந்தில் இருந்து மிகவும் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் வந்தது: இந்த இரண்டு பேரும் யார் யார்? மொழிபெயர்ப்பாளரிடம் போய்ப் பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் எடுத்தோம். அதில் மூன்றாவது ஒரு எழுத்துக்கூட்டல் வந்து சேர்ந்தது. அதைத் திருத்தி எடுத்து, சமாதான நீதவான் முன்னிலையில் எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சத்தியக் கடதாசி முடித்து அனுப்பினோம். குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்கு இல்லாதபடியால் கடவுச்சீட்டில் தகப்பனின் பெயரே அந்த இடத்தில் நிற்கிறது. அங்கே போனால் வார்ட்டில் அவளைத் தகப்பனின் பெயரால்தான் கூப்பிடுவார்களாம். மனிசன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

இன்றைக்குக் குழந்தைக்குப் பெயர் பதிகிற தாய் தகப்பன்மார் இதை வாசித்தால், பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை இன்றே ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். பாடசாலையில் சேர்க்கும்போதும், பரீட்சை விண்ணப்பத்திலும், அடையாள அட்டைக்கும், கடவுச்சீட்டுக்கும் அதைப் பார்த்தே எழுதுங்கள். எண் சாத்திரம் பார்த்து இடையில் ஓர் எழுத்தைக் கூட்டுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

உடல்நலத்துக்கு வருகிறேன். வைத்தியசாலையில் நோயாளரைத் தொடுகிறவர் என்பதால் அவர்கள் கேட்பது அதிகம். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா, கொப்புளிப்பான், ஹெபடைட்டிஸ் பி, காசநோய் என்று ஒவ்வொன்றுக்கும் எப்போது ஊசி போட்டது, ஆதாரம் எங்கே என்று படிவம் கேட்கிறது. குழந்தைக்குப் போட்ட ஊசிகளின் திகதியெல்லாம் கிளினிக் அட்டையில் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். இந்தப் பிள்ளையின் அட்டை எங்கே? 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததே, அந்தக் கூட்டத்தில் என் தங்கை வயிற்றில் பிள்ளையோடு நடந்தவள். பிள்ளை 1996இல் கிளிநொச்சியில் பிறந்தது. அட்டையும் சான்றிதழ்களும் இருந்த பை 2009இல் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் போய்விட்டது. பிறப்புச் சான்றிதழைப் பிறகு நடமாடும் சேவையில் எடுத்தோம். ஊசி அட்டைக்குப் பிரதி கிடைக்கவில்லை.

இதை எப்படி ஓர் ஆங்கிலேயருக்கு எழுதுவது என்று அவள் நெடுநேரம் யோசித்தாள். எழுதவே தேவைப்படவில்லை. அட்டை இல்லாதவர் இரத்தப் பரிசோதனையில் நோய் எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்டலாம் என்று அவர்களின் படிவத்திலேயே இருந்தது. பி.சி.ஜி. ஊசியின் தழும்பு தோளில் இருந்தால் ஒரு வைத்தியரோ தாதியோ பார்த்து உறுதிப்படுத்தினால் போதும் என்றும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்தாள், அறிக்கை வந்தது, அனுப்பினாள், முடிந்தது. எங்கள் போர் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு கடதாசி எவரிடமும் தொலையக்கூடும் என்று தெரிந்திருந்தது, தொலைந்தால் அதற்கு ஈடாக எதை ஏற்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். இந்த மாகாணத்தில் எத்தனை ஆயிரம் பேரின் கடதாசிகள் தொலைந்தன என்று நமக்குத் தெரியும். நம்முடைய எந்தப் படிவத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறது? கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் பார்க்க முடியாது என்ற இரண்டு வாக்கியத்தோடு நம்முடைய படிவங்கள் முடிந்துவிடுகின்றன.

அவர்களிடமும் முட்டாள்தனம் இருக்கிறது. முன்பு வேலை செய்த விபரத்துக்கு மேலதிகாரியின் நற்சான்று வேண்டும். அது அலுவலக மின்னஞ்சல் முகவரியிலிருந்து வர வேண்டும். வார்ட்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் இருப்பது பேரப்பிள்ளை திறந்து கொடுத்த ஜிமெயில் முகவரி. அவர் கடிதத் தலைப்புள்ள தாளில் எழுதி, ஒப்பம் வைத்து, முத்திரையும் குத்தி, வடிவாக வருடி அனுப்பினார். முத்திரையை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இது உண்மையான ஆள்தானா என்று திரும்பத் திரும்ப விசாரித்தார்கள். கடைசியில் வைத்தியசாலையின் பொது மின்னஞ்சலிலிருந்து ஒரு வரி போன பிறகுதான் நம்பினார்கள். அரச நிறுவனங்களில் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் அலுவலக மின்னஞ்சல் கொடுப்பதற்கு எவ்வளவு செலவாகும் என்று கணினி தெரிந்த யாராவது எழுதினால் நல்லது.

பொலிஸ் நற்சான்றிதழ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இணையத்தில் விண்ணப்பித்தாள், உள்ளூர் நிலையத்தில் விசாரித்தார்கள், கொழும்புத் தலைமையகத்திலிருந்து வந்தது. கடவுச்சீட்டைப் பற்றியும் நல்லதே சொல்ல வேண்டும். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அலுவலகம் திறந்துவிட்டார்கள். அதற்கு முன் வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ இரவிரவாகப் போய் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் அலுவலகமும் 2017இலிருந்து அதே வளவில் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு வேடிக்கை. வெளிநாடு என்றால் சான்றிதழ்களுக்கெல்லாம் அங்கே முத்திரை குத்த வேண்டும் என்று ஊரில் ஒரு முடிவு. பக்கத்து வீட்டார், கூட வேலை செய்கிறவர்கள், கோயிலில் சந்திக்கிறவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். அவளுக்கு அந்த வைத்தியசாலை அனுப்பிய பட்டியலில் அந்த முத்திரை இல்லவே இல்லை. மத்திய கிழக்குக்குப் போகிறவர்களுக்குத் தேவைப்படுவதை இங்கிலாந்துக்குப் போகிறவரும் செய்கிறார். பிறகு அதற்காகப் பரீட்சைத் திணைக்களம், கல்வி அமைச்சு என்று ஒன்றுக்கு முன் ஒன்றாகச் சரிபார்ப்புக்கு அலைகிறார். கேட்காத கடதாசிக்காக ஒரு மாதம் போய்விடும். வேலை தருகிறவர் எழுதி அனுப்பிய பட்டியலை மட்டும் பாருங்கள், ஊர் சொல்வதை அல்ல.

இவ்வளவும் முடிந்தது. முடியாமல் நின்றது நம்முடைய சொந்தக் காரியம், விடுமுறை.

2022 ஜூனில், நாடு டொலர் இல்லாமல் தவித்தபோது, அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம், பணிமூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லை என்று பொது நிர்வாகச் சுற்றறிக்கை 14/2022 வந்தது பலருக்கு நினைவிருக்கும். அரச வேலையை ஒரேயடியாக விட்டுவிடாமல் வெளிநாடு போவதற்கு வழி விடுமுறைதான். பெறாமகளும் விண்ணப்பித்தாள். விண்ணப்பம் வைத்தியசாலையில் தொடங்கி மேலே மேலே போக வேண்டும், ஒவ்வோர் இடத்திலும் பரிந்துரை, ஒப்பம், பதிலாள் பற்றிய குறிப்பு. அது சரி. அப்படித்தான் இருக்க வேண்டும்.

வழியில் ஒரு கிளையில், எது என்று எழுத மாட்டேன், விசாவைக் காட்டினால்தான் கோவையை மேலே அனுப்பலாம் என்றார்கள். விசாவுக்கு விண்ணப்பிக்க அனுசரணைச் சான்றிதழ் வேண்டும். அதை இங்கிலாந்து வைத்தியசாலை தருவதற்கு வேலை தொடங்கும் திகதி வேண்டும். அந்தத் திகதியைச் சொல்வதற்கு இங்கே கடமையிலிருந்து எப்போது விடுவிப்பார்கள் என்று தெரிய வேண்டும். எப்போது விடுவிப்பீர்கள் என்று கேட்டால், விசாவைக் காட்டுங்கள்.

அனுசரணைச் சான்றிதழ் தந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதைப் பயன்படுத்த வேண்டும். காசநோய் இல்லை என்ற சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். அதற்குக் கொழும்பில் புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பின் நிலையத்துக்குப் போய் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இரவு பஸ் ஏறி, விடிய வெள்ளவத்தையில் இறங்கி, முகம் கழுவ ஓர் இடம் தேடி. ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு இரண்டு ஆண்டு. ஒவ்வொரு கடதாசிக்கும் முடியும் திகதி இருக்கிறது. இங்கே உள்ள கோவைக்கு மட்டும் திகதியே இல்லை. கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு இல்லை, எப்போது முடிவு என்ற பேச்சு இல்லை. கேட்கப் போனால், பொறுப்பானவர் இன்று லீவு. அல்லது, கோவை மேலே போய்விட்டது. அல்லது, இன்னும் வரவில்லை. ஒரே கோவை ஒரே கிழமையில் மேலேயும் போய், வராமலும் இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் சில வாசகர்கள் என் மேல் கோபப்படுவார்கள். இலவசக் கல்வியில் படித்து, அரச செலவில் பயிற்சி பெற்று, இங்கே வார்ட்டுகளில் தாதியர் போதாமல் இருக்கும்போது வெளிநாடு போவது நியாயமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நானே அவளிடம் கேட்டேன். அவள் சொன்ன பதிலில் வீட்டுக் கடன் இருந்தது, தாயின் மருந்துச் செலவு இருந்தது, ஐந்து வருடத்தில் திரும்பி வருவேன் என்ற வார்த்தையும் இருந்தது. திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று. ஆள் பற்றாக்குறை, உம்மை விட முடியாது என்று அரசு முடிவெடுத்தால் அந்த முடிவை மதிக்கலாம். முடிவைச் சொல்ல வேண்டும். கடமையின் தேவை கருதி விடுமுறை வழங்க இயலாது என்று திகதி போட்டு, ஒப்பம் வைத்து ஒரு கடிதம் தரட்டும். அவள் இங்கிலாந்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டு வார்ட்டுக்குப் போவாள். அல்லது மேன்முறையீடு செய்வாள். அல்லது வேலையை விடுவதா என்று யோசிப்பாள். அது அவள் பாடு. ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் வைத்திருப்பதால் நோயாளருக்கு ஒரு தாதி கூடவில்லை. போவோமா இருப்போமா என்ற நினைப்போடு கடமைக்குப் போகிற ஒருத்திதான் மிஞ்சுகிறாள்.

தாபனக் கிளையில் இருந்தவள் என்ற முறையில் ஒன்றைக் கேட்கிறேன். கொள்கையளவில் அங்கீகாரம் என்று ஒரு சொற்றொடரை நாம் எத்தனை கோவைகளில் எழுதியிருக்கிறோம்? கட்டடத்துக்கு எழுதுகிறோம், வாகனக் கொள்வனவுக்கு எழுதுகிறோம். விசா கிடைக்கும் பட்சத்தில் இன்ன திகதியிலிருந்து விடுமுறை வழங்கப்படும் என்று ஒரு தாதிக்கு எழுதுவதற்கு என்ன தடை? இங்கிலாந்துக்காரர் முதலில் தந்ததும் நிபந்தனையுடன் கூடிய கடிதம்தானே. நாமும் அப்படி ஒன்று கொடுத்தால் இந்தச் சுற்று அந்த இடத்திலேயே அறுந்துவிடும். புதுச் சட்டம் வேண்டாம், புது மேசை கதிரை வேண்டாம்.

கோவை எங்கே என்று ஒருவரும் சொல்லாத நிலையில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடச் சொன்னேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபையிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்கிறார். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும். பிள்ளை பயந்தாள். வேலை செய்கிற இடத்துக்கு எதிராகக் கடிதம் போடுவதா, நாளைக்கு இடமாற்றம் வந்தால்? பயம் இயல்பு. ஆகவே ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. யார் பொறுப்பு என்றும் கேட்கவில்லை. இந்த இலக்கக் கோவை எந்தத் திகதியில் எந்தக் கிளைக்கு வந்தது, எந்தத் திகதியில் வெளியே போனது, அந்தப் பதிவின் பிரதி என்று மட்டும் கேட்டோம். குற்றம் சாட்டுகிற கேள்விக்கு விளக்கம்தான் வரும். திகதி கேட்கிற கேள்விக்குத் திகதி வரும்.

வந்தது. கோவை ஓரிடத்திலிருந்து குறைபாடு ஒன்றுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. குறைபாடு என்னவென்றால், இணைப்பு ஒன்றில் ஒரு சுருக்கொப்பம் இல்லாதது. அதைத் திருப்பி அனுப்பியவர் தம் கடமை முடிந்தது என்று இருந்தார். திரும்பி வந்த இடத்தில் அதைத் திறந்து பார்க்கவில்லை. மேலே போய்விட்டது என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை, வரவில்லை என்று சொன்னவரும் பொய் சொல்லவில்லை. இடையில் ஒரு மனிதப் பிறவியின் ஆறு மாதச் சான்றிதழ் காலாவதியானது. அவளோடு தெரிவான மற்றப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அங்கே போய்ப் பன்னிரண்டு கிழமைக்குள் செய்முறைத் தேர்வுக்கு முதல் தடவை தோற்ற வேண்டும். அவர்கள் அதற்குக் கூட்டாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இவள் வாட்ஸ்அப்பில் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

அந்தப் பதில் சிங்களத்தில் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாசிக்கத் தெரியும், ஆகவே பெரிய இடைஞ்சல் இல்லை. ஆனால் 1988இல் வந்த 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் பெற உரிமை இருக்கிறது. கொழும்பில் இருப்பவர்களுக்கு இதை ஒவ்வொரு முறையும் ஞாபகப்படுத்த வேண்டியிருப்பது அலுத்துவிட்டது. இருந்தாலும் ஞாபகப்படுத்தி ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

இனி, உங்கள் பத்திரிகை வழியாக நான் கேட்பது. பிரதேச செயலகங்களின் வாசலில் ஒவ்வொரு சேவைக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம், யாரிடம் போவது என்று பலகை வைத்திருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுக்கப் போகிறவர் அதைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்க முடிகிறது. பொதுமக்களுக்கு வைத்த அந்தப் பலகையை அரசு தன் சொந்த ஊழியர்களுக்கும் வைக்கட்டும். வெளிநாட்டு விடுமுறை விண்ணப்பம் கொடுத்த அன்றே திகதியிட்ட பற்றுச்சீட்டு, ஒவ்வொரு கிளையிலும் அதிகபட்சம் எத்தனை நாள் என்ற கெடு, குறைபாடு இருந்தால் விண்ணப்பதாரருக்கு நேரடியாகவே குறுஞ்செய்தி. முடிவு எதுவானாலும் எழுத்தில். இவற்றை வடமாகாண நிர்வாகமே தன் எல்லைக்குள் செய்யலாம். கொழும்பைக் கேட்க வேண்டிய பகுதிக்குத்தான் கொழும்பு.

தாதிகள் மட்டுமல்ல, ஆசிரியர்கள், மருத்துவ ஆய்வுகூடத்தினர், கதிர்ப்பட வேலை செய்கிறவர்கள் என்று எல்லாருக்கும் பொதுவாகத் தமிழில் ஒரு தாளும் வேண்டும். எது முதல், எது பிறகு என்று. என் பெறாமகளிடம் இப்போது அந்த ஒழுங்கு இருக்கிறது, சொல்கிறேன்: வங்கிக் கணக்கும் பெயர்ச் சத்தியக் கடதாசியும் முதலில், தாதியர் பதிவை இங்குள்ள பதிவுச் சபை நேராக அங்குள்ள தாதியர் பேரவைக்கு உறுதிப்படுத்த வேண்டும் என்பதால் அதற்கான கடிதத்தை ஆங்கிலப் பரீட்சைக்குக் காத்திராமல் கொடுப்பது, விடுமுறை விண்ணப்பம் நேர்முகத்தில் தெரிவான மறுநாளே, நெஞ்சுப் படம் எல்லாவற்றுக்கும் பிறகு, விடுமுறைக் கடிதம் கைக்கு வந்த கிழமையில். விசா வந்தபின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு. அதை விட்டுவிட்டுப் போனால் கட்டுநாயக்காவில் நிற்க வேண்டி வரும். தாதியருக்கு இதுதான் ஒழுங்கு. ஆசிரியருக்கு எப்படி என்று ஓர் ஆசிரியர் எழுதினால் உங்கள் பத்திரிகை அதையும் போடும் என்று நம்புகிறேன்.

சுருக்கொப்பம் வைத்தாயிற்று, கோவை மறுபடி புறப்பட்டிருக்கிறது. இங்கிலாந்திலிருந்து ஒரு பெண்மணி மாதத்துக்கு ஒரு தடவை மின்னஞ்சல் போட்டு, இடம் இன்னும் இருக்கிறது, உங்கள் திகதியைச் சொல்லுங்கள் என்கிறார். அவருக்கு எழுத எங்களிடம் இன்னும் திகதி இல்லை. அதனால்தான் பெறாமகளின் பெயரையும் அவள் வேலை செய்யும் இடத்தையும், கோவை கிடந்த கிளையையும் எழுதவில்லை. என் பெயரும் முகவரியும் இந்தக் கடிதத்தோடு தனித்தாளில் இருக்கின்றன, உங்கள் அறிதலுக்கு மட்டும், அச்சில் வேண்டாம். சம்பந்தப்பட்ட கிளையில் இருப்பவர்கள் இதை வாசித்தால் தங்களைத்தான் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். கோபம் வந்தால் என் மேல் வரட்டும், அவளுடைய கோவையின் மேல் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை எழுதுவினைஞர்,
கொக்குவில் கிழக்கு.